அப்பாவின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி

சிறுநீரகக் கல்லுக்காக வந்தவர். வயது 48. வழக்கம்போல அப்பாவைப் பற்றிக் கேட்டேன். "முதுகெலும்பு தேய்ஞ்சு படுத்த படுக்கையா இருந்து போயிட்டார் சார்" என்றார்.

"விதைப்பையில் ஆபரேஷன் ஏதும் செய்தார்களா?"

கொஞ்சம் தயங்கினார். "விரை வீக்கம்னு ஏதோ பண்ணாங்க."

அடுத்த முறை அம்மாவின் பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். உள்ளே பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய், முதுகெலும்புக்குப் பரவியது, விதைகள் இரண்டும் அகற்றப்பட்டன. ஆண் ஹார்மோன் இல்லாவிட்டால் இந்தப் புற்று சுருங்கும் என்பதால் செய்யும் அறுவை அது. அந்த ஹார்மோனை அடக்கும் ஊசியின் செலவு கட்டுப்படியாகாத குடும்பங்களில் இன்றும் செய்கிறோம். எந்த வீட்டில் அதை வெளியே சொல்வார்கள்? விரை வீக்கம், எலும்புத் தேய்மானம் என்று பெயர் மாறிவிடுகிறது. பிள்ளைகளும் அதையே நம்பி வளர்கிறார்கள்.

அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்று இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அண்ணன் தம்பிக்கு வந்திருந்தால் அப்பாவுக்கு வந்ததைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். எத்தனை வயதில் வந்தது என்பதும் முக்கியம்; 80இல் வந்ததையும் 55இல் வந்ததையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

அம்மா வழியை யாரும் சொல்வதில்லை, நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கோ சித்திக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று இருந்ததா? இந்தப் புற்றுகளுக்கு வழிவிடும் பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுக் கோளாறு அம்மாவிடமிருந்து மகனுக்கும் வரும். அவனுக்கு அது புராஸ்டேட்டில் வெளிப்படலாம், அதுவும் இளவயதில், வேகமாக.

அப்பாவுக்கோ சகோதரருக்கோ 65க்கு முன் வந்திருந்தால் 45 வயதில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு) ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஒருவருக்கு மேல் என்றால் 40இலேயே. அளவு கூடினால் உடனே புற்று என்று பயப்பட வேண்டாம், சிறுநீர்த் தொற்றிலும் புராஸ்டேட்டின் சாதாரண வீக்கத்திலும் கூடும். முடி கொட்டுவதற்கு ஃபினாஸ்டரைடு சாப்பிடுபவர்கள் அதை மறைக்காதீர்கள். அந்த மாத்திரை பி.எஸ்.ஏ.யைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

தொந்தரவு வரட்டும், பார்க்கலாம் என்று இருப்பதுதான் ஆபத்து. இந்தப் புற்று பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில் தொடங்குகிறது, சிறுநீர்ப் பாதை நடுவில் போகிறது. அடைப்பு தெரிய நாளாகும்.

கல்லுக்காக வந்தவருடைய பி.எஸ்.ஏ. 1.1 வந்தது, இயல்பான அளவுதான். திருப்பூரில் இருக்கும் அண்ணன் இன்னும் எடுக்கவில்லை. "எனக்கு யூரின் நல்லாத்தான் போகுது" என்கிறாராம்.