தனி, ஆனால் சமம்: அமெரிக்கப் பள்ளி வழக்குகளில் என்ன கேட்டார்கள், என்ன கிடைத்தது

அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பாகுபாடு எப்படிச் சட்டவிரோதமானது என்று கேட்டால், சட்டம் படித்தவர்கள்கூட பிரிவினையை அனுமதித்த 1896-ஆம் ஆண்டின் பிளெசி வழக்கைச் சொல்லிவிட்டு, ஒரே தாவலில் பள்ளிப் பிரிவினை செல்லாது என்ற 1954-இன் பிரவுன் வழக்குக்குப் போய்விடுகிறார்கள். வழக்கு நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது இடையில் கிடக்கும் 58 ஆண்டுகளை. அந்தக் காலத்தில் பல வழக்குகளின் தலையெழுத்தை நிர்ணயித்தது, மனுவின் கடைசிப் பக்கத்தில் கேட்கப்பட்ட நிவாரணம், அதாவது நீதிமன்றம் என்ன செய்ய வேண்டும் என்ற கோரிக்கை.

முதலில் ஒரு தெளிவு. பிளெசி வழக்கு பள்ளிக்கூடத்தைப் பற்றியது அல்ல; லூசியானாவில் ரயில் பெட்டிகளை நிறவாரியாகப் பிரித்த சட்டத்தைப் பற்றியது. தனித்தனியாக வைத்தாலும் வசதி சமமாக இருந்தால் போதும் என்று அதில் தீர்ப்பானது. ஆனால் அந்தத் தீர்ப்பு தனக்குத் துணையாக இழுத்துக்கொண்டது ஒரு பள்ளி வழக்கை. பாஸ்டனில் சாரா ராபர்ட்ஸ் என்ற சிறுமிக்காக 1849-இல் வாதாடப்பட்ட வழக்கு அது. தனிப் பள்ளி தவறில்லை என்று மாசசூசெட்ஸ் நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அதே மாநிலத்தின் சட்டமன்றம் 1855-இல் பள்ளிகளில் பிரிவினையைத் தடை செய்துவிட்டது. சட்டத்தின் சமப் பாதுகாப்பை எல்லாருக்கும் உறுதி செய்த 14-வது அரசியல் சாசனத் திருத்தம் வந்ததோ 1868-இல். சொந்த ஊரிலேயே செல்லாக்காசாகிப்போன, திருத்தத்துக்கு முந்தைய ஒரு தீர்ப்பை வைத்து, திருத்தத்துக்குப் பொருள் சொன்னார்கள்.

‘தனி, ஆனால் சமம்’ என்ற கோட்பாட்டில் ‘தனி’ என்ற பாதியைத்தான் மாநிலங்கள் சட்டமாக எழுதி, மீறினால் அபராதமும் வைத்தன. கென்டக்கியில் 1904-இல் வந்த சட்டம், தனியார் கல்லூரியில்கூட இரு நிறத்தாரும் சேர்ந்து படிக்கக் கூடாது என்றது. அதை மீறியதாகத் தண்டிக்கப்பட்ட பெரியா கல்லூரியின் மேல்முறையீட்டை 1908-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. ‘சமம்’ என்ற மறுபாதியைக் கண்காணிக்க ஆள் கிடையாது. பாதிக்கப்பட்டவரே வழக்குப் போட்டு, கணக்கைத் தோண்டி எடுத்து நிரூபிக்க வேண்டும். 1950 வாக்கில் 17 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் பள்ளிப் பிரிவினையைக் கட்டாயமாக்கியிருந்தன. கான்சாஸ் உள்ளிட்ட நான்கு மாநிலங்கள் விருப்பப்பட்டால் செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தன.

நிவாரணத்தைப் பிசகாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1899-இன் கம்மிங் வழக்கைவிட நல்ல உதாரணம் இல்லை. ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவில் வேர் என்ற கறுப்பின உயர்நிலைப் பள்ளி இருந்தது. 1897-இல் பள்ளி வாரியம் அதை மூடி, கட்டடத்தைத் தொடக்கப் பள்ளிக்கு ஒதுக்கியது. காரணம், பணமில்லையாம். வெள்ளையர் உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் பணம் தொடர்ந்து போயிற்று. பெற்றோர் வரி கட்டுபவர்கள். அந்த வழியிலேயே போனார்கள்: எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாதவரை வெள்ளையர் உயர்நிலைப் பள்ளிக்கு வரிப்பணம் செலவழிக்கத் தடை விதியுங்கள் என்றார்கள். வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் என்ன சொன்னது? அந்தப் பள்ளியை மூடுவதால் உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறையும் கிடைக்காதே. கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி நடத்தும்படி கட்டளையிடக் கேட்டிருந்தால் வேறு கேள்விகள் எழுந்திருக்கலாம் என்றது. பிரிவினையே தவறு என்ற வாதத்தை வழக்கறிஞர் கடைசி நேரத்தில் எழுப்பப் பார்த்தார். மனுவிலேயே இல்லை என்று அதையும் ஒதுக்கிவிட்டார்கள். இதை எழுதிய நீதிபதி யார் தெரியுமா? பிளெசி வழக்கில் தனி ஒருவராக மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஹார்லன்தான்.

1927-இன் கோங் லம் வழக்கிலும் இதே கோளாறு, வேறு உருவத்தில். மிசிசிப்பியின் ரோஸ்டேல் ஊரில் மார்த்தா லம் என்ற சீனச் சிறுமியை வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பினார்கள். குடும்பத்தின் வாதம், ‘சீனர் கறுப்பர் அல்லர், ஆகவே அந்தப் பட்டியலில் எங்களைச் சேர்க்காதீர்கள்’ என்பது. பட்டியல் போடுவதே தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. விளைவு, யார் எந்தப் பட்டியல் என்று முடிவு செய்வது மாநிலத்தின் அதிகாரம் என்ற ஒருமனதான தீர்ப்பு. அதன் பிறகு ஒவ்வொரு பள்ளி வழக்கிலும் எதிர்த்தரப்பு கையில் பிளெசியோடு கோங் லம்மும் இருந்தது. தன் கட்சிக்காரருக்கு மட்டும் விலக்குக் கேட்கப் போய், விதியையே கெட்டிப்படுத்திவிட்ட வழக்கு அது.

1930-களில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வழக்குப் பணியை ஏற்ற சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் இந்த வரலாற்றை நன்கு படித்தவர். ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியைச் சீர்படுத்தியவர்; பின்னாளில் இந்த வழக்குகளை நடத்திய தர்குட் மார்ஷல் அவருடைய மாணவர். தெற்கு மாநிலங்களின் கறுப்பினப் பள்ளிகளைச் சினிமா கேமராவில் படம் பிடித்துக்கொண்டு வந்தவரும் அவரே. ஆயிரக்கணக்கான பள்ளி மாவட்டங்களில் ஒவ்வொன்றாகக் கட்டடத்துக்கும் கரும்பலகைக்கும் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தால் ஒரு தலைமுறையே போய்விடும். அதனால் அவர் முதலில் தொட்டது சட்டப் பள்ளிகளை. தெற்கில் பெரும்பாலான மாநிலங்களில் கறுப்பருக்கென்று சட்டப் பள்ளியே கிடையாது. ‘தனியாக இருக்கிறது, கொஞ்சம் தரம் குறைவு’ என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு மாணவனுக்காகத் தனிச் சட்டப் பள்ளி கட்டுவது அரசுக்குக் கட்டுப்படியாகாது. சட்டப் பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று நீதிபதிகளுக்குச் சாட்சி வைத்து விளக்க வேண்டியதும் இல்லை.

மேரிலாந்தில் டொனால்ட் முர்ரேவை 1935-இல் சேர்க்க வைத்தார்கள். மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1936 ஜனவரியில் அதை உறுதி செய்தது. அடுத்து மிசௌரி. அங்கே லாயிட் கெயின்ஸுக்கு மாநிலம் சொன்ன பதில், பக்கத்து மாநிலத்தில் போய்ப் படி, கட்டணம் நாங்கள் தருகிறோம் என்பது. 1938-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. சமமான வாய்ப்பை மாநிலம் தன் எல்லைக்குள்ளேயே தர வேண்டும். இந்த உரிமை தனி ஒருவருடையது, எத்தனை பேர் கேட்டார்கள் என்பது கணக்கில்லை. இரண்டாவது வாக்கியம்தான் பொன். ‘கேட்பவர் ஒருவர்தானே’ என்ற சாக்கு அன்றோடு முடிந்தது. மிசௌரி உடனே செயின்ட் லூயிஸில் ஓர் அழகுக்கலைக் கல்லூரிக் கட்டடத்தில் அவசரச் சட்டப் பள்ளி ஒன்றைத் திறந்தது. அதன் தரத்தைக் கேள்வி கேட்டு வழக்கைத் தொடரலாம் என்றால் மனுதாரர் இல்லை. 1939 மார்ச்சில் சிகாகோவில் காணாமல் போன கெயின்ஸ் திரும்பவே இல்லை. வழக்கைக் கைவிட வேண்டியதாயிற்று.

ஒற்றை மனுதாரரை நம்பியிருப்பதன் ஆபத்து வேறு வடிவத்திலும் வந்தது. வர்ஜீனியாவின் நார்போக் நகரில் சம ஊதியம் கேட்ட ஆசிரியை அலின் பிளாக்குக்கு, பள்ளி வாரியம் 1939-இல் பணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆசிரியரே இல்லாதவருக்கு ஊதிய வழக்கு ஏது? அடுத்து மெல்வின் ஆல்ஸ்டன் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். தனக்காக மட்டும் அல்லாமல் ஆசிரியர் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு போனார். அவருக்கு ஆண்டுக்கு 921 டாலர். அதே தகுதியுள்ள வெள்ளை ஆசிரியருக்கு 1,200. ‘ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாயே, உரிமையை விட்டுக்கொடுத்ததாகத்தானே பொருள்’ என்று வாரியம் வாதாடியது. 1940-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இப்படிப்பட்ட தீர்ப்புகள் வரவர மாநிலங்களும் வழியை மாற்றின. தென் கரோலினா 1945-இல் ஆசிரியர் சான்றிதழுக்குத் தேசியத் தேர்வைக் கட்டாயமாக்கி, ஊதியத்தை மதிப்பெண்ணோடு கட்டியது. நிறம் என்ற வார்த்தை போயிற்று, வித்தியாசம் பெருமளவு நின்றது.

1950-இன் ஸ்வெட் வழக்குக்கு வருவோம். ஹீமன் ஸ்வெட் ஹூஸ்டன் நகரத் தபால்காரர். டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்கு 1946-இல் விண்ணப்பித்தார். மாநிலம் அவருக்காகவே ஒரு சட்டப் பள்ளியைத் தொடங்கியது. வழக்கு வாஷிங்டனை எட்டியபோது கணக்கு இப்படி நின்றது: டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 16 முழுநேர ஆசிரியர்கள், 850 மாணவர்கள், 65,000-க்கு மேல் நூல்கள்; புதிய பள்ளியில் ஐந்து ஆசிரியர்கள், 23 மாணவர்கள், சுமார் 16,500 நூல்கள். எண்ணிக்கையை வைத்தே ஜெயித்திருக்கலாம். ஆனால் அப்படி ஜெயித்தால் மாநிலம் இன்னும் நூல் வாங்கிப்போட்டு மறுபடி வந்து நிற்கும். மார்ஷல் தரப்பு எண்ண முடியாதவற்றை முன்னால் வைத்தது: ஆசிரியர்களின் பெயர், பழைய மாணவர்களின் செல்வாக்கு, பள்ளியின் மரபும் மதிப்பும். மாநில மக்களில் 85 சதவீதத்தினரை வெளியே நிறுத்திவிட்டு, நாளை அவன் வாதாட வேண்டிய நீதிபதிகளையும் சாட்சிகளையும் ஜூரிகளையும் சந்திக்க விடாமல் சட்டம் கற்றுத்தர முடியுமா என்ற கேள்வியைத் தலைமை நீதிபதி வின்சன் தீர்ப்பிலேயே எழுதி, ஸ்வெட்டை டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலேயே சேர்க்கச் சொன்னார்.

அதே நாள், ஜூன் 5, மெக்லாரின் தீர்ப்பும் வந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதிய கறுப்பின ஆசிரியர் அவர். சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் வகுப்பறையை ஒட்டிய சிற்றறையில் உட்கார வைத்தார்கள். நூலகத்தில் மாடத்தில் ஒரு மேசை, மற்ற இடத்தில் உட்காரக் கூடாது. உணவகத்தில் தனி மேசை, தனி நேரம். ஆசிரியர் அதே ஆசிரியர், புத்தகம் அதே புத்தகம், கட்டடமும் அதே கட்டடம். எண்ணிப் பார்த்தால் எல்லாம் சமம். அதுவும் செல்லாது என்று தீர்ப்பானபோது, பிளெசியில் சாய்ந்து நிற்கப் பெயரளவுக்கு ஒரு சுவர்தான் மிச்சம் இருந்தது.

கீழ்ப் பள்ளிகளில் கதை எவ்வளவு சிக்கலானது என்பதைத் தென் கரோலினாவின் கிளாரெண்டன் கவுண்டி காட்டுகிறது. அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பேருந்துகள், கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. 1949-50-இல் ஆண்டுச் செலவு வெள்ளை மாணவர் ஒருவருக்கு 179 டாலர், கறுப்பு மாணவர் ஒருவருக்கு 43. பேருந்து கேட்டு முதலில் வழக்குப் போட்ட விவசாயி லீவை பியர்சனின் மனு 1948-இல் தள்ளுபடியானது. அவர் நிலம் பள்ளி மாவட்ட எல்லைக்கோட்டில் இருந்தது. வரி கட்டியது ஒரு மாவட்டத்தில், பிள்ளைகள் படித்தது இன்னொன்றில். வழக்குத் தொடுக்கும் தகுதியே இல்லை என்றாகிவிட்டது. வரி ரசீதை எல்லை வரைபடத்தோடு வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அடுத்த முறை 20 பெற்றோர் மனுதாரர்கள். அகரவரிசையில் முன்னால் நின்ற ஹாரி பிரிக்ஸின் பெயர் வழக்குக்கு வந்தது, வேலை போனது. மனைவிக்கும் வேலை போனது. வெள்ளை முதலாளியிடம் கூலியோ கடனோ வாங்காத மனுதாரரைத் தேடுவது ஏன் வழக்கறிஞர்களின் முதல் வேலையாக இருந்தது என்பது இதிலிருந்து புரியும்.

இந்த வழக்கும் சம வசதி கேட்டுத்தான் தொடங்கியது. வழக்கு முதலில் வந்த கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி வாரிங்தான், பிரிவினைச் சட்டத்தையே நேராகத் தாக்கி மறுபடி மனுப் போடச் சொன்னார். அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. மாநிலச் சட்டத்துக்குத் தடை கேட்டால் மூன்று நீதிபதிகள் அமர்வு. அங்கிருந்து நேரே உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு. 1951 மே மாதம் விசாரணை தொடங்கியதும் மாநில வழக்கறிஞர் எழுந்து, பள்ளிகள் சமமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம், சரி செய்ய அவகாசம் கொடுங்கள் என்றார். வசதிக் குறைவை நிரூபிக்கக் கொண்டுவந்த சாட்சிகளின் பலத்தில் பாதி அந்த ஒரு வரியில் போயிற்று. மிஞ்சியது உளவியல் சாட்சியம். உளவியலாளர் கென்னத் கிளார்க் அங்கே 16 கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளை, கறுப்புப் பொம்மைகளைக் காட்டியிருந்தார். 11 பேர் கறுப்புப் பொம்மைதான் ‘கெட்டதாகத் தெரிகிறது’ என்றார்கள். இருந்தும் மூன்று நீதிபதிகள் அமர்வில் மனுதாரர்கள் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார்கள். வாரிங் மட்டும் பிரிவினையே சமமின்மைதான் என்று எழுதினார்.

கிளாரெண்டன் வழக்கோடு வேறு மாநில வழக்குகளையும் சேர்த்து உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் பிரவுன் தீர்ப்பு. அதன் முகப்பில் கான்சாஸின் டொபீகா நகர வழக்கு நிற்பதும் உதவியாக அமைந்தது. அங்கே இரு நிறத்தார் பள்ளிகளும் ஏறக்குறைய சமம் என்று கீழ் நீதிமன்றமே கண்டிருந்தது. கூடவே, பிரிவினை கறுப்புப் பிள்ளைகளைப் பாதிக்கிறது என்றும் எழுதியிருந்தது. கட்டடத்தைக் காட்டித் தப்ப வழியில்லை. தலைநகர் வாஷிங்டன் வழக்கு மட்டும் தனித் தீர்ப்பு, ஏனென்றால் 14-வது திருத்தம் மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும். அங்கே 5-வது திருத்தத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

1954 மே 17-இல் உரிமை கிடைத்தது, நிவாரணம் கிடைக்கவில்லை. அதற்குத் தனி விசாரணை வைத்தார்கள். என்.ஏ.ஏ.சி.பி. தேதி போட்டுக் கேட்டது: 1955 செப்டம்பர், மிஞ்சிப்போனால் 1956 செப்டம்பர். 1955 மே 31-இல் வந்த ஆணையில் தேதி இல்லை, ‘நிதானத்தோடு கூடிய வேகத்தில்’ என்ற பொருளில் ஒரு சொற்றொடர் இருந்தது. அதைத் தெற்கு மாநிலங்கள் வருடக்கணக்கில் வாய்தா வாங்கும் உரிமையாகவே எடுத்துக்கொண்டன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகளையே மூடிவைத்தது. 1964-இன் சிவில் உரிமைகள் சட்டம் வந்த பிறகே அரசுத் தலைமை வழக்கறிஞர் நேரடியாக வழக்குப் போடவும், பாகுபாடு காட்டும் பள்ளிக்கு மத்திய அரசு நிதியை நிறுத்தவும் வழி பிறந்தது.

எந்த மனுவிலும் சரியாகக் கேட்கப்படாத ஒன்று ஆசிரியர்களின் வேலை. மனுதாரர்கள் மாணவர்கள், நிவாரணமும் மாணவர் சேர்க்கையைப் பற்றியது. பள்ளிகளை இணைத்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள். அவற்றின் தலைமை ஆசிரியர்களும் ஆசிரியர்களும் ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆசிரியர் நியமனமும் ஒருங்கிணைப்பின் அளவுகோல் என்று உச்ச நீதிமன்றம் 1968-இன் கிரீன் வழக்கில் சொன்னது. ஆட்குறைப்பு செய்தால் நிறம் பாராத அளவுகோலை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்று ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1969-இல் சிங்கிள்டன் வழக்கில் கட்டளையிட்டது. அதற்குள் பல ஊர்களில் இணைப்பு முடிந்து, அந்த ஆசிரியர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.