காலில் வலி, முதுகில் காரணம்: சயாட்டிகாவுக்கு மருந்து எதுவரை, அறுவை எப்போது?

அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஸ்டீபன் குஸ்லிக்கும் அவருடைய குழுவினரும் 193 பேருக்கு முதுகெலும்பு அறுவை சிகிச்சையை முழு மயக்கம் கொடுக்காமல் செய்தார்கள். வெட்டும் இடத்தை மட்டும் படிப்படியாக மரத்துப்போகச் செய்துகொண்டே உள்ளே சென்று, தோல், தசை, எலும்பு, முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் வட்டு, தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர் என ஒவ்வொன்றையும் தொட்டுத் தூண்டி, வலி எங்கே தெரிகிறது என்று விழித்திருந்த நோயாளிகளிடமே கேட்டார்கள். 1991இல் வெளியான அந்த ஆய்வின்படி, நல்ல நிலையில் இருந்த நரம்பு வேரை அசைத்தபோது நோயாளிக்கு வலிக்கவில்லை. நசுங்கியும் வீங்கியும் இருந்த வேரைத் தொட்டபோதுதான், தன்னை மருத்துவமனைக்கு வரவைத்த அதே வலி காலில் பாய்ந்தது. வட்டின் வெளி வளையத்தைத் தொட்டபோதோ வலி காலுக்குப் போகாமல் முதுகிலேயே நின்றது. முதுகுவலியும், நரம்பு வேர் சீண்டப்பட்டுக் காலில் பாயும் வலியான சயாட்டிகாவும் ஒரே இடத்தில் பிறந்தாலும் ஒரே நோயல்ல என்பதை இதைவிட நேரடியாகக் காட்டுவது கடினம்.

கீழ் முதுகிலிருந்து கிளம்பும் ஐந்து நரம்பு வேர்கள் இணைந்து உருவாகும் சயாட்டிக் நரம்பு, உடலிலேயே மிகத் தடித்தது. பிட்டத்தின் ஆழத்தில் தொடங்கிப் பின்தொடை வழியாக இறங்கி, கிளைகளாகப் பிரிந்து பாதம்வரை செல்கிறது. முழங்கையின் உட்புறம் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் சுரீரென்கிறதே, அதே கதைதான் இங்கும். நரம்பை வழியில் எங்கே சீண்டினாலும், அது வழக்கமாக எந்த உறுப்பிலிருந்து செய்தி கொண்டுவருகிறதோ அந்த உறுப்பின் செய்தியாகவே மூளை அதை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இடுப்பில் கோளாறு இருக்க, கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

பேச்சுவழக்கில் ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்கிறார்கள். உண்மையில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு எங்கும் விலகுவதில்லை. மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கும் அதன் நார் வளையம் கிழிந்து, நடுவிலுள்ள கூழ்போன்ற பகுதி பின்பக்கமாகப் பிதுங்குகிறது. அப்படிப் பிதுங்கிய துண்டுதான் சயாட்டிகாவுக்கு முக்கியக் காரணம் என்பதை, பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டரும் பாரும் 1934இல் வெளியிட்ட கட்டுரை நிலைநாட்டியது. அதற்கு முன்பு அறுவையில் கிடைத்த இத்தகைய துண்டுகளைக் கட்டிகள் என்றே பலரும் எண்ணியிருந்தனர். அன்றுமுதல் பல பத்தாண்டுகள், அழுத்துகிறது என்றால் அகற்றிவிடு என்பதே சிகிச்சையின் இலக்கணமாக இருந்தது. ஆனால் ஸ்வீடனின் கோதன்பர்க் நகர ஆய்வாளர்கள் 1993இல், பன்றிகளின் நரம்பு வேர்மீது அவற்றின் சொந்த வட்டுக் கூழை எந்த அழுத்தமும் இல்லாமல் வெறுமனே வைத்துப் பார்த்தபோது, நரம்பில் செய்தி பாயும் வேகமே குறைந்தது. கூழுக்குள் இருக்கும் அழற்சிப் பொருள்கள் நரம்பைப் புண்படுத்துகின்றன. அழுத்தமும் இந்த அழற்சியும் சேரும்போதுதான் கால் தீப்பிடித்ததுபோல் எரிகிறது.

இந்த அழற்சிக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. வட்டின் நடுப்பகுதியில் இரத்தக் குழாய்கள் இல்லாததால், உடலின் எதிர்ப்பாற்றல் அதை அதற்குமுன் அறிந்ததில்லை. வெளியே வந்த துண்டை அது அந்நியப் பொருளாக எண்ணி, புதிய இரத்தக் குழாய்களை அனுப்பி, விழுங்கு செல்களைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. இதில் வியப்பு என்னவென்றால், ஸ்கேன் படத்தில் பார்த்ததும் அச்சமூட்டுகிற, வளையத்தைக் கிழித்துக்கொண்டு முழுதாக வெளியேறிய பெரிய துண்டுகளே, சிறு வீக்கங்களைவிட அதிகமாகக் கரைகின்றன. படத்தை மட்டும் வைத்து மிரளக் கூடாது என்பதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது: முதுகுவலியே கண்டிராத 67 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த 1990ஆம் ஆண்டு ஆய்வில், 60 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வட்டுப் பிதுக்கம் இருந்தது.

எனவே மருந்தின் வேலை, உடல் தன் வேலையை முடிக்கும்வரை நோயாளியை நடமாட வைப்பது. இபுபுரோஃபென், நாப்ரோக்சென் போன்ற வலிநிவாரணிகள், வலியுணர்வைக் கூர்மையாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் உற்பத்தியைத் தடுக்கின்றன. சயாட்டிகாவில் இவற்றின் பலன் சுமார்தான், வயிறும் சிறுநீரகமும் அதற்கு விலை கொடுக்கலாம். நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் நரம்புவலி மருந்தான பிரிகாபலினும் வைட்டமின் பி12இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினும் ஒரே மாத்திரையாக எழுதப்படுவது சர்வ சாதாரணம். ஆனால் 209 சயாட்டிகா நோயாளிகளிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பிரிகாபலின், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் கால்வலியைக் குறைக்கவில்லை, தலைச்சுற்றலைத்தான் கூட்டியது. பிரிட்டனின் சிகிச்சை வழிகாட்டியும் சயாட்டிகாவுக்கு அதைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. (ஏற்கெனவே சாப்பிட்டுவருபவர்கள் திடீரென நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.) நரம்பு வேரைச் சுற்றி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி செலுத்தப்படும் ஸ்டீராய்டு ஊசி அழற்சியை நேரடியாகத் தணிக்கிறது, நிவாரணம் பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான் என்றாலும், தூங்க முடியாதவருக்கு அந்த வாரங்கள் பெரியவை. படுத்த படுக்கையாகக் கிடப்பதால் குணம் விரைவதில்லை. இயன்றவரை நடப்பதே நல்லது.

அறுவை சிகிச்சை இன்று பெரும்பாலும் சில சென்டிமீட்டர் கீறலில் முடிகிறது. நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே தசையை ஒதுக்கி, முள்ளெலும்புகளைப் பின்புறம் இணைக்கும் மஞ்சள் நாணைத் திறந்து, நரம்பு வேரை மெல்ல நகர்த்தினால், அதன் அடியில் வேகவைத்த நண்டின் சதைபோல வெளுத்த, நார்நாரான துண்டு தென்படும். அதையும் தளர்ந்திருப்பவற்றையும் மட்டும் சிறு இடுக்கியால் எடுக்கிறார்கள். மீதி வட்டு அங்கேயே இருப்பதால், நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு மறுபடி பிதுங்கக்கூடும்.

யாருக்கு இது தேவை என்பதில் நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வு தெளிவைத் தந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் கடும் வலியில் இருந்தவர்களில், விரைவில் அறுவை செய்துகொள்ள ஒதுக்கப்பட்டோர் சுமார் 4 வாரங்களிலும், காத்திருக்க ஒதுக்கப்பட்டோர் சுமார் 12 வாரங்களிலும் குணமடைந்தனர். ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 விழுக்காட்டினர் தேறிவிட்டனர். காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் இடையில் அறுவைக்கு மாறியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். வலி நான்கு மாதங்களைத் தாண்டிவிட்டால் கணக்கு மாறுகிறது: கனடாவில் அத்தகைய 128 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் அறுவைத் தரப்பின் கால்வலி பத்துக்கு 2.8 ஆகவும், மற்றவர்களின் வலி 5.2 ஆகவும் இருந்தது. இரண்டு ஆய்வுகளுமே கால்வலியைப் பற்றியவை. காலுக்கு இறங்காத வெறும் முதுகுவலிக்காக இந்த அறுவையை நாடுபவர் ஏமாறத்தான் நேரும்.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. பெரிய துண்டு நடுவில் விழுந்து, கீழ் முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புக் கொத்தை முழுவதுமாக நசுக்கினால், சைக்கிள் இருக்கையில் படும் பகுதி மரத்துப்போகும், சிறுநீர் வராமல் தேங்கும், மலம் கட்டுப்படாது. இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவதும், அது நாளுக்கு நாள் கூடுவதும்கூட மருத்துவரை உடனே பார்க்க வேண்டிய அறிகுறிகள்தாம்.

அறுவை முடிந்த அன்று மாலையே பலருக்குக் கால்வலி மறைந்துவிடுகிறது. ஆனால் மரத்த விரலும் தளர்ந்த பாதமும் அப்படியே இருப்பதைக் கண்டு சிலர் பயந்துபோகிறார்கள். வலி, அழுத்தம் விலகியதும் அடங்கக்கூடியது. இழைகளே அறுபட்டுப்போன நரம்போ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் இடுப்பிலிருந்து மறுபடி வளர்ந்து வர வேண்டும். கால் கட்டைவிரல் அங்கிருந்து ஒரு மீட்டர் தொலைவில் இருக்கிறது.