படகைத் திருப்பி அனுப்பிவிட்டு டென்டில் படுப்பவர்களுக்கு

விடிகாலை ஐந்து, ஐந்தரை மணிக்கு வயிற்றுவலி என்று ஒருவர் வந்தால், டெல்டாவில் வேலை பார்க்கும் அவசரப் பிரிவு மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி: "ராத்திரி எங்கே படுத்திருந்தீங்க?" தரையில் என்று பதில் வந்ததும், கட்டுவிரியன் கடியோ என்று கண் இமையைப் பார்ப்போம். நெடுங்காலமாக அந்தப் பதில் களத்துமேட்டிலிருந்தும் கூரைவீட்டுத் திண்ணையிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. இப்போது கொள்ளிடத்து மணல்திட்டுகளிலிருந்தும் வர ஆரம்பித்திருக்கிறது.

வார இறுதியில் நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து அணைக்கரைக்குக் கீழே ஏதோ ஒரு திட்டுக்கோ, பழையாறு பக்கம் கழிமுகத்துக்கோ படகில் போகிறார்கள். டென்ட் அடிக்கிறார்கள். "காலைல ஏழு மணிக்கு வந்துடுங்கண்ணே" என்று படகுக்காரரை அனுப்பிவிடுகிறார்கள். மூன்று மணிக்கு ஒருவருக்கு வயிற்றைப் பிசைகிறது. இரவில் தின்ற கோழி என்று முடிவு கட்டி, ஜெலுசில் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். ஏழு மணிக்குப் படகு வரும்போது அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இந்த நாலு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். திரும்பத் திரும்ப இதே கதை வந்தால் யாருக்கும் பொறுமை போகும்.

கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. பகலில் பெரும்பாலும் சுருண்டு கிடக்கும். இரவில் தரையில் படுத்திருப்பவர் பக்கத்தில் வந்து, அவர் புரளும்போது கடித்துவிடும். அதன் பல் மிகச் சிறியது. கடித்த இடம் வீங்காது, சிவக்காது, பெரும்பாலும் வலிக்கவும் வலிக்காது. எறும்போ கொசுவோ என்று தூக்கத்திலேயே தட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பவர்கள் உண்டு. தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

"உடம்பு முழுக்கப் பார்த்துட்டோம் சார், பல்லு பட்ட தடமே இல்லை, வீக்கம் இல்லை, அதனால பாம்பு இல்லை." இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீக்கம், ரத்தம், கடுப்பு எல்லாம் கண்ணாடி விரியன் கடியின் அடையாளங்கள். நல்ல பாம்பு கடித்தாலும் அந்த இடம் வீங்கும். வயல்காட்டில் கண்ணாடி விரியன் கடியைப் பார்த்துப் பழகிய ஊர், எல்லாப் பாம்புக்கும் அதையே அளவுகோலாக வைத்துவிட்டது. கட்டுவிரியன் விஷம் தசைக்கு நரம்பு அனுப்பும் ஆணையை நிறுத்துவது. கடிவாயில் அதற்கு வேலையே இல்லை. ஆகவே தடம் தேடி டார்ச் அடித்து அரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள். தரையில் தூங்கியவருக்கு நடு இரவிலோ விடியலிலோ காரணமில்லாமல் வயிற்றுவலி, வாந்தி, தொண்டை வலி, இவற்றில் ஒன்று வந்தாலே கட்டுவிரியன் என்று எண்ணிக் கிளம்புங்கள். கடைசியில் அது கெட்டுப்போன கோழியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நாங்கள் திட்டமாட்டோம்.

சில இடங்களில் மருத்துவர்களே தடம் இல்லை என்று சொல்லி, ஊசி போட்டு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் இருபது நிமிடச் சோதனை கட்டுவிரியன் கடியில் இயல்பாகவே இருக்கும். அந்தச் சோதனை சரியாக இருக்கிறது என்று யாராவது உங்களை வீட்டுக்கு அனுப்பினால், "ராத்திரி தரையில படுத்திருந்தோம், 24 மணி நேரம் வச்சுப் பாருங்க" என்று கேட்டு வாங்குங்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. வயிற்றுவலி என்று சீட்டு எழுதி அனுப்பப்பட்டவர் அந்தக் கணக்கில் எப்படி வருவார்?

வயிற்றுவலிக்குப் பிறகு வருவது ஏறக்குறைய ஒரே வரிசை. இமை தொங்கும். பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும். பேச்சு குழறும். எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வழியும். படுத்த நிலையில் தலையைத் தூக்க முடியாது. அப்புறம் கை கால், கடைசியில் மூச்சு. இந்த வரிசையை அப்படியே குடிபோதை என்று வாசிக்கலாம். திட்டுகளில் அப்படித்தான் வாசிக்கப்படுகிறது. "மச்சானுக்கு இன்னும் இறங்கலைடா, தூங்கட்டும் விடு." குடித்தவர் நேரம் போகப் போகத் தெளிவார், விஷம் ஏறியவர் நேரம் போகப் போகத் தொய்வார். சந்தேகமாக இருந்தால் ஒரே மூச்சில் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். நல்ல உடம்புள்ளவர் முப்பதைத் தாண்டுவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ண வையுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால், இருபதுக்குக் கீழே போனால், மூச்சுத் தசை தளர்கிறது. (போகிற இடத்தில் யாராவது ஒருவர் குடிக்காமல் இருப்பது நல்லது. அது நடக்காது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.)

அறிகுறி அரை மணி நேரத்திலும் வரலாம், ஆறு மணி நேரம் கழித்தும் வரலாம். அதனால்தான் படகு இரவு முழுக்க அங்கேயே நிற்க வேண்டும். கரையில் வண்டி இருந்தால் போதும், கைபேசியில் எண் இருந்தால் போதும் என்பதெல்லாம் திட்டில் செல்லாது. நள்ளிரவில் படகுக்காரர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் எழுந்து, இஞ்சினுக்கு எண்ணெய் தேடி, இருட்டில் ஆற்றைத் தாண்டி வந்து, திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓடிவிடும். இரவுக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள். தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் பிரியாணிக் காசுதான்.

ஏறுவதற்கு முன் படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை: இரவில் திரும்ப எவ்வளவு நேரம், எந்தப் படித்துறையில் ஆம்புலன்ஸ் வந்து நிற்க முடியும், இரண்டு தடவை போய்வர எண்ணெய் இருக்கிறதா, வழியில் வலை கட்டிய முளைகள் எங்கே. முத்துப்பேட்டை, பழையாறு பக்கமானால் கடல்நீர் வற்றும் நேரத்தையும் கேளுங்கள். தண்ணீர் வற்றினால் வாய்க்காலில் ஃபைபர் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், அடுத்த ஏற்றம் வரும்வரை அசையாது. அந்த மணிநேரங்களில் உங்களுக்குப் படகு இருந்தும் இல்லை. பரிசலை இரவுப் பயணத்துக்கு நம்பவே நம்பாதீர்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் பிச்சாவரத்திலும் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்கக் கூடாது; திருட்டுத்தனமாகத் தங்கினால் ஆபத்து நேரத்தில் ஆளைக் கூப்பிடவும் தயங்குவீர்கள்.

108-ஐக் கூப்பிடும்போது திட்டின் பெயரைச் சொல்லாதீர்கள், ஓட்டுநருக்குத் தெரியாது. இறங்கப்போகும் படித்துறையின் பெயர், ஊராட்சி, பக்கத்துக் கோயில், இவற்றைச் சொல்லுங்கள். மாலையிலேயே அந்தத் துறையில் நின்று கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இனி, படகில் ஏற்றுவது. அவரை நடக்க விடாதீர்கள். பாயிலோ பலகையிலோ தூக்குங்கள். கடிபட்ட கையோ காலோ தெரிந்தால், எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் குச்சி வைத்து அசையாமல், இறுக்காமல் கட்டுங்கள். மோதிரம், கொலுசு, கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெல்ட், துண்டு, கைலிக் கிழிசல் என்று எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். படகில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தியும் எச்சிலும் வெளியே வழியட்டும். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர், டீ, மிளகு எதுவும் வேண்டாம். ஒருவர் கைபேசியில் நேரம் பார்த்து, மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும்.

வழியில் மூச்சு நின்றால்? கட்டுவிரியன் கடியில் மூச்சு நின்ற பிறகும் இதயம் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருக்கும். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்தாறு வினாடிக்கு ஒருமுறை நெஞ்சு உயரும் அளவுக்கு வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். துடிப்பும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் சேரும். பிணம்போலக் கிடப்பவருக்கு நீங்கள் பேசுவது காதில் விழலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். இமை அசையாமல், விரல் அசையாமல் சில நாள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்துபோனவர்கள் டெல்டா மருத்துவமனைகளுக்குப் புதிதில்லை. ஊதியவர்கள் இருந்ததால்தான் அவர்கள் வந்துசேர்ந்தார்கள்.

பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. தொடக்கத்தில் பத்துக் குப்பி வரை போடுவோம், குழந்தைக்கும் அதே அளவுதான். மருந்து பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கலாம். வென்டிலேட்டர் அங்கே இருக்காது. அங்கே மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டுத் தஞ்சாவூர், திருச்சி, திருவாரூர் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எது அருகிலோ அதற்குப் போக வேண்டும். கும்பலாக வந்து "முதல்ல தஞ்சாவூருக்கே போயிடுவோம்" என்று வழியிலுள்ள நிலையத்தைத் தாண்டிப் போவது பெரிய தவறு.

டென்ட் இருந்தால் பாம்பு வராது என்பது பாதி உண்மை. நான்கு பக்கமும் தரையோடு சேர்த்துத் தைத்த டென்ட், ஜிப்பை முழுக்க மூடினால், கட்டுவிரியனுக்கு நல்ல தடைதான். ஆனால் மலிவான டென்டுகளில் இரண்டு ஜிப்பும் வந்து சேரும் மூலையில் ஒரு விரல் நுழையும் சந்து இருக்கும். அந்தச் சந்து தரையோரம் இருந்தால் குட்டிப் பாம்புக்கு அது கதவு. ஜிப்பின் பிடிகள் இரண்டும் மேலே சந்திக்கும்படி இழுத்துவிடுங்கள். தரையோரம் சந்திக்கும் ரகமானால் உள்ளிருந்து துணியைச் சுருட்டி அடையுங்கள். அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பாம்பு ஒதுங்க அதுவே போதும், பனித்தண்ணீரும் அதில் இறங்கி அடிக்குள் போகும். விளிம்பை உள்ளே மடித்துவிடுங்கள்.

புழுக்கமாக இருக்கிறது என்று நள்ளிரவில் ஜிப்பைத் திறந்துபோட்டுக் காலை வெளியே நீட்டிப் படுப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. வலைக்கதவு உள்ள டென்ட் வாங்குங்கள், அதையும் மூடியே வையுங்கள். நேபாளத் தராயில் நடந்த ஓர் ஆய்வு, கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைந்ததைக் காட்டியிருக்கிறது. விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிய சாதாரணக் கொசுவலை, திறந்து கிடக்கும் டென்டைவிட மேல். டென்டைச் சுற்றி உப்பு, பூண்டு, பினாயில், கந்தகம்: ஒன்றுக்கும் பயனில்லை. அந்தக் காசுக்கு டார்ச் பேட்டரி வாங்குங்கள்.

இடம் பார்க்கும்போது நாணல், கோரைப் புதருக்கு ஒட்டியும், புற்று, எலிவளை, வைக்கோல் போர், விறகுக் குவியல் பக்கத்திலும் வேண்டாம். டென்ட் வாசலில் விளக்கைத் தொங்கவிட்டால் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், அப்புறம் யார் வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. விளக்கை தள்ளி வையுங்கள். சாப்பிட்ட மிச்சத்தைக் கட்டித் தொலைவில் வைத்து, காலையில் திரும்பக் கொண்டுபோங்கள். செருப்பை உதறாமல் போடாதீர்கள். சிறுநீர் கழிக்க எழுந்தால் டார்ச் அடிக்காமல் கால் வைக்காதீர்கள். கரி அடுப்பை டென்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். இதற்கு விளக்கம் வேறு வேண்டுமா? அணைக்கரைக்குக் கீழேயும் சிதம்பரத்தை ஒட்டிய பழைய கொள்ளிடத்திலும் முதலை இருக்கிறது. இருட்டில் நீரோரம் பாத்திரம் கழுவப் போகாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. திருச்சியில் வெயில் கொளுத்தும்போதே கொள்ளிடம் ஏறும், ஏனென்றால் மழை பெய்வது குடகிலும் வயநாட்டிலும். மேட்டூர் 120 அடியைத் தொட்டதும் உபரி நீர் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படுகிறது. 2022-இல் நாதல்படுகை, முதலைமேடு மக்கள் வீட்டை விட்டு முகாமுக்குப் போனது அந்தத் தண்ணீரால்தான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் கல்லணையில் 15, 16-ஆம் தேதிவாக்கில் திறப்பார்கள். அதாவது மேலே திறந்த செய்தி தண்ணீருக்கு முன்பே உங்களுக்குக் கிடைக்கிறது. கிளம்பும் அன்று காலை மேட்டூர், முக்கொம்பு வெளியேற்றம் எத்தனை கன அடி என்று செய்தியில் பாருங்கள். வெள்ள எச்சரிக்கை இருந்தால் திட்டமே வேண்டாம். மரத்தில், புதரில் சருகும் நாணல் குப்பையும் தொங்கும் உயரம் போன வெள்ளத்தின் மட்டம்; டென்ட் அதற்கு மேலே இருக்கட்டும். இருட்டும் முன் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, இரண்டு மணிக்கொருமுறை பாருங்கள். ஒரு சாண் ஏறியிருந்தால் சாமானை விட்டுவிட்டுப் படகில் ஏறுங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், குழந்தைக்குக் குழந்தை அளவு.

மணலில் டென்ட் ஆணி நிற்காது. சாக்கில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி ஓர் அடி ஆழத்தில் புதைத்தால் காற்றைத் தாங்கும். காற்றில் சரிந்த டென்டைப் போட்டுவிட்டு வெட்டவெளியில் படுத்தவர்களும் வார்டுக்கு வருகிறார்கள்.

இரவு தங்கும் படகுக்காரர் எங்கே படுக்கிறார் என்றும் பாருங்கள். நீங்கள் ஜிப் போட்டுத் தூங்கும்போது அவர் மணலில் துண்டை விரித்துக் கிடப்பார். உங்கள் பட்டியலில் இன்னொரு கொசுவலையும் ஒரு மடக்குக் கட்டிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கடி விழுந்தால் அந்த இருட்டில் படகை ஓட்டத் தெரிந்த ஆள் உங்களில் யாரும் இல்லை.