கடவுள்: 'கட' சரி, 'உள்' எங்கே?

'எல்லாவற்றையும் கடந்தும் எல்லாவற்றின் உள்ளும் இருப்பவர், அதனால் கட + உள்' என்று கோயில் சொற்பொழிவுகளில் கேட்டிருப்பீர்கள். கேட்க இனிக்கும். ஆனால் இரண்டாம் பாதியில் இலக்கணம் இடறுகிறது.

செய்யுள் என்றால் செய்யப்பட்டது. 'செய்'க்கு உள்ளே இருப்பது அல்ல. விக்கலை வள்ளுவர் 'விக்குள்' என்கிறார் (குறள் 335). திருமுருகாற்றுப்படை முருகனை 'பெரும்பெயர் இயவுள்' (இயவுள் என்றால் தலைவன்) என்று அழைக்கிறது. இங்கெல்லாம் 'உள்' வெறும் விகுதி. கடவுளிலும் அதுவேதான். மிஞ்சுவது 'கட'. பழந்தமிழில் கடத்தல் என்பதற்குத் தாண்டுதலோடு வெல்லுதல் என்றும் பொருள் உண்டு. தேரைக் கடவுதல் என்றால் செலுத்துதல். அதிலிருந்து வந்த சொல் என்பாரும் உண்டு. கடவுச்சீட்டும் இலங்கைச் சாலைகளின் பாதசாரிக் கடவையும் இதே குடும்பம்தான்!

சரி, பொருள் பிசகினால் என்ன கெட்டுப்போகும்? குறுந்தொகை 87ஐப் படித்துப் பாருங்கள். 'மன்ற மராஅத்த பேஎமுதிர் கடவுள் கொடியோர்த் தெறூஉம் என்ப' என்று தொடங்குகிறார் கபிலர். ஊர்ப் பொதுவிடத்து மரத்தில் குடியிருக்கும், அச்சம் தரும் கடவுள், கொடியவரை வருத்துமாம். பிரிந்துபோன காதலனை அது தண்டித்துவிடுமோ என்று தலைவிக்குப் பயம். 'அவர் கொடியவரே அல்லர், நான் விரும்பியதால்தான் என் நெற்றி பசந்தது (நிறம் மங்கியது)' என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். இந்த இடத்தில் 'அனைத்தும் கடந்த பரம்பொருள்' என்று உரை சொன்னால் பாட்டே செத்துவிடும். கடவுள் கேட்டுக்கொண்டிருக்கிறது, கேட்டால் தண்டிக்கும் என்று நம்புகிறவளின் பேச்சு அது.

ஈசுவரன் என்பதற்கு நேர்ச்சொல் தேடினால் கடவுளைவிட இறைவன் பொருத்தம். இரண்டிலும் ஆள்பவன் என்ற கருத்து இருக்கிறது. இறை என்றால் அரசன், வரியும்கூட. வரி நீக்கிய நிலம் இறையிலி. (வரி வாங்குகிறவரும் வரம் தருகிறவரும் ஒரே சொல்லில்!)

கிறித்தவர்கள் இந்தச் சொல்தேர்வில் நெடுநாள் அலைந்திருக்கிறார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான நூலின் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. பிறகு சருவேசுரன், பராபரன், தேவன் என்று சொல் மாறிக்கொண்டே வந்தது. பழைய விவிலியத்தில் 'ஆதியிலே தேவன்' என்று தொடங்கும் முதல் வரி, 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'தொடக்கத்தில் கடவுள்' என்று தொடங்குகிறது. எனக்குக் கடவுள்தான் பிடிக்கும். தேவன் என்றால் பக்கத்தில் தேவி, இறைவன் என்றால் இறைவி. கடவுளுக்கு அப்படி ஒரு சோடி கிடையாது. கபிலர் பாட்டில் 'தெறூஉம்', திருவிவிலியத்தில் 'படைத்தார்'. ஆணா, பெண்ணா என்பதைப் பெயரும் சொல்வதில்லை, இந்த வினைகளும் சொல்வதில்லை.