டிரெஞ்ச் கோட்டுக்குத் தமிழ் என்ன?

மழைக்கு அணியும், இடைவார் வைத்த நீண்ட மேலுடையான டிரெஞ்ச் கோட் என்றதும் பலருக்கு நினைவில் வருபவர் துப்பறிவாளர்தான்: காலரைத் தூக்கிவிட்டு, இடைவாரைக் கொக்கியில் மாட்டாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டு மழையில் நிற்பவர். ஹாலிவுட் நடிகர் ஹம்ப்ரி போகார்ட் திரையில் அணிந்து புகழ்சேர்த்த தோற்றம் அது. பெயரோ போர்க்களத்திலிருந்து வந்தது.

'டிரெஞ்ச்' என்பதன் வேர், 'வெட்டு' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினை. ஆங்கிலத்தில் அது 14ஆம் நூற்றாண்டில் நுழைந்தது. காட்டை வெட்டி அமைத்த வழியையும் முதலில் குறித்தது. பிறகு நிலத்தில் வெட்டிய நீண்ட பள்ளமே அதன் பொருளாக நிலைத்தது. முதல் உலகப் போரில் பெல்ஜியக் கடற்கரை தொடங்கி சுவிட்சர்லாந்து எல்லை வரை வீரர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது இத்தகைய பள்ளங்களில்தான். 'கோட்'டும் பிரெஞ்சு வழி வந்த சொல்லே.

உடை அந்தப் போருக்கு முன்பே உருவாகத் தொடங்கிவிட்டது. 1823இல் சார்லஸ் மெக்கின்டாஷ், ரப்பர் பூசிய துணிக்குக் காப்புரிமை பெற்றார். மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போகாது, நாற்றமும் சேர்ந்துகொள்ளும். இந்தத் தொல்லைக்கு, பர்பெரி ஆடை நிறுவனத்தைத் தொடங்கிய தாமஸ் பர்பெரி 1879இல் ஒரு வழி கண்டார். நெய்த துணியின் மேல் பூசாமல், நூலையே முதலில் நீர்புகாதபடி பதப்படுத்தி நெருக்கமாக நெய்தார். காபர்டீன் என்ற அத்துணிக்கு 1888இல் காப்புரிமை கிடைத்தது. போட்டி நிறுவனமான அக்வாஸ்கியூட்டம் 1851இல் தொடங்கியது; லத்தீனில் அப்பெயருக்கு நீர்க்கேடயம் என்று பொருள். டிரெஞ்ச் கோட்டை முதலில் தந்தது தாங்களே என்று இரு தரப்பும் சொல்லிக்கொள்வதுண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆர்வமில்லை.

சொல்லை விளக்குபவர் தவறவிடக்கூடாத செய்தி வேறொன்று. பதுங்குகுழியின் பெயரைத் தாங்கிய இந்த உடை, அங்கே கிடந்த பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. அன்றைய பிரிட்டிஷ் படையில் அதிகாரிகளும், அவர்களுக்கு அடுத்த நிலையிலிருந்த வாரண்ட் அதிகாரிகளும் மட்டுமே இதை அணியலாம். அதிகாரிகள் தங்கள் செலவில் வாங்கிக்கொள்வார்கள். சாதாரண வீரனுக்கு, சேற்றையும் நீரையும் உறிஞ்சிக் கனத்துப்போகும் கம்பளிப் பெருங்கோட்டுதான்.

உடையின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை இருந்தது. தோள்பட்டியில் பதவிச் சின்னம். நெஞ்சில் ஒரு பக்கம் தொங்கும் மடிப்பு, வழியும் மழைநீர் முன்திறப்பில் இறங்காமல் தடுக்கும். மணிக்கட்டு வார் இறுகினால் கைக்குள் நீர் போகாது. இடைவாரிலுள்ள உலோக வளையங்களில் கையெறிகுண்டைத் தொங்கவிட்டார்கள் என்றொரு கதை உண்டு. குண்டு இடுப்பில் ஆட எந்த அதிகாரி சேற்றில் தவழ்வார் என்று தெரியவில்லை. வரைபடப் பையை மாட்ட அது உதவும் என்றால் நம்பலாம். உடையின் காக்கி நிறத்தில் மட்டும் நம் பக்கத்துத் தொடர்பு இருக்கிறது. புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த காக்கி, 1840களில் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் படைப்பிரிவில் சீருடை நிறமாகி, பின்னர் பிரிட்டிஷ் படை முழுவதற்கும் பரவியது.

இனி தமிழுக்கு வருவோம். 'அகழி மேலங்கி' என்றால் சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்கு ஒவ்வாது. அகழி என்றால் நமக்குக் கோட்டையைச் சுற்றிய நீர்நிலை. இல்லையேல் யானைகள் ஊருக்குள் வராமலிருக்க வனத்துறை வெட்டும் பள்ளம். 'பதுங்குகுழி மேலங்கி' பொருளில் நெருங்குகிறது. ஆனால் கடையில் கேட்டு வாங்கும் பொருளுக்கு அவ்வளவு நீளமான பெயர் எப்படி ஒட்டும்? 'மழையங்கி'யில் போரின் சுவடே இல்லை.

முல்லைப்பாட்டில் ஓர் இடம் நினைவுக்கு வருகிறது. கார்காலம், அரசன் பாசறையில் இருக்கிறான், அங்குள்ள யவனர்களை 'மெய்ப்பை புக்க' என்கிறார் நப்பூதனார். மெய்ப்பை என்பது உடலைப் போர்த்தும் பை, அதாவது சட்டை. மழைக்காலம், போர்முகாம், மேலை நாட்டார், உடல் மறைக்கும் உடை எல்லாம் ஒரே காட்சியில் சேர்ந்திருக்கின்றன. மெய்ப்பை இன்று வழக்கில் இல்லாததால் அதை மீட்க வற்புறுத்தமாட்டேன். பாசறையை எடுத்துக்கொண்டு 'பாசறை அங்கி' என்பது என் பரிந்துரை. பாசறையும் பதுங்குகுழியும் ஒன்றல்ல என்று படைத்துறை அறிந்தவர் குறை சொல்லலாம். பள்ளத்தை விட்டுவிட்டுப் போர்க்களத்தைப் பிடித்துக்கொள்ளும் பெயர் இது.

கட்டுரையில் முதல் முறை 'டிரெஞ்ச் கோட் எனப்படும் பாசறை அங்கி' என்றும், பிறகு பாசறை அங்கி என்றும் எழுதலாம். பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் ஆனது மழைக்கோட்டு. குளிருக்கான கனத்த கம்பளி உடை ஓவர்கோட். அதற்கு மேலங்கி போதும்.