‘ரா’வைத் தமிழில் பச்சை என்று சொல்லலாமா?

கேமராவின் மெனுவில் படத்தின் தரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ரா, ஜேபெக் என்ற இரண்டும் அண்ணன் தம்பி போலப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒளியை வாங்கும் உணரி பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு ரா; அதைக் கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் கோப்பு ஜேபெக். ஆனால் பெயரளவில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்று ஒரு நிலையைச் சொல்லும் சாதாரணச் சொல். மற்றது ஒரு குழுவின் பெயர்.

ஜேபெக்கை முதலில் முடித்துவிடலாம். 1986இல் அமைந்த ஒளிப்பட வல்லுநர் கூட்டுக் குழுவின் ஆங்கிலப் பெயரில் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் வருவதுதான் ஜேபெக். 1992இல் அவர்களுடைய தரநிலை வெளிவந்தது. குழுவின் பெயரே கோப்புக்கும் ஒட்டிக்கொண்டது. கோப்பின் வாலில் ஜேபிஜி என்று இருப்பதும் இதேதான். பழைய டாஸ் கணினிகளில் வாலுக்கு மூன்று எழுத்துக்கு மேல் இடமில்லாததால் ஓர் எழுத்து போய்விட்டது. குழுவின் பெயரை மொழிபெயர்த்து யாருக்கு என்ன லாபம்? ஜேபெக் ஜேபெக்காகவே இருக்கட்டும். அது செய்யும் வேலைக்கு மட்டும் ‘இழப்புள்ள சுருக்கம்’ என்று நல்ல தமிழ் இருக்கிறது. படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வெட்டி, கண் பெரிதாகக் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. அதற்கு அடிப்படையான கொசைன் உருமாற்றக் கணக்கு 1974இல் நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் வெளியிட்டது.

ரா அப்படியில்லை. ஆங்கிலத்தில் அதைப் பெரிய எழுத்துகளில் எழுதுவதால் பலரும் அதையும் ஒரு சுருக்கம் என்று நினைத்து விரிவைத் தேடுகிறார்கள். விரிவு எதுவும் கிடையாது. ‘வேகாத’ என்பதுதான் அந்தப் பழைய ஆங்கிலச் சொல்லின் முதல் பொருள். அது ஒரே வகைக் கோப்பின் பெயரும் இல்லை: நிக்கானில் என்இஎஃப், கேனனில் சிஆர்3, சோனியில் ஏஆர்டபிள்யூ. 2004இல் அடோபி கொண்டுவந்த டிஎன்ஜி எல்லாருக்கும் பொதுவானது. எல்லாமே ராதான்.

தமிழில் என்ன சொல்வது? ‘மூலப்படம்’ என்று எழுதுகிறார்கள். அசல் படம் என்ற பொருள்தான் அதில் முன்னே வந்து நிற்கிறது. கேமராவிலிருந்து நேராக வந்த ஜேபெக்கும் அசல்தானே. ‘கச்சா’ பரவாயில்லை. கச்சா எண்ணெய் என்று பழகிய சொல், சுத்திகரிக்க வேண்டியது என்ற குறிப்பும் உள்ளே இருக்கிறது. ஆனால் அது இந்தியிலிருந்து வந்தது. வீட்டிலேயே ஒன்று இருக்கும்போது கடன் எதற்கு?

வீட்டில் இருப்பது ‘பச்சை’. பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை, பச்சை உடம்பு, பச்சை மண். இவற்றில் எதிலும் நிறம் இல்லை. இன்னும் காயாத, வேகாத, முற்றாத நிலைதான் இருக்கிறது. சரி, ‘பச்சைப் படம்’ என்று எழுதிவிடலாமா? நீலப்படம் போதாதென்று இது வேறா என்று கேட்பார்கள். பச்சையாகப் பேசுவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா!

எனக்கு அந்தச் சிக்கலே வழிகாட்டியது. தவறு பச்சையில் இல்லை, படத்தில் இருக்கிறது. ரா படமே அல்ல. உணரியின் ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழுந்த ஒளியின் அளவை ஓர் எண்ணாகக் குறித்துவைக்கிறது, அவ்வளவுதான். புள்ளிகளின்மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று வடிகட்டிகள் போர்த்தியிருக்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த இந்த அமைப்பில் பாதிப் புள்ளிகள் பச்சை. ஒளியின் சாயலுக்கேற்ப நிறங்களைச் சரிசெய்யும் வெண்சமநிலை எதுவும் செய்யாமல் ரா தரவை அப்படியே நிறமாக்கிப் பார்த்தால் படம் முழுக்கப் பாசி படிந்தது போலத் தெரியும். நிறத்தாலும் பச்சை! வேடிக்கையான பொருத்தம்தான். அதனால் ‘பச்சைக் கோப்பு’ என்றே எழுதுகிறேன்.

இந்தச் சொல்லின் வயதும் கொஞ்சமல்ல. சுடாத மண்பாத்திரத்தை ‘பசுமண் கலம்’ என்கிறது 660ஆவது குறள். ராவா ஜேபெக்கா என்ற கேள்விக்கும் இந்த மண்ணே பதில் வைத்திருக்கிறது. பச்சை மண்ணைப் பிசைந்து வடிவத்தை மாற்றலாம். சுட்டபின் தட்டினால் உடையும்.

மஞ்சள் விளக்கொளியில், வெண்சமநிலை வெயிலுக்கு வைத்திருந்ததைக் கவனிக்காமல் ஒருமுறை எடுத்துத் தள்ளினேன். ஜேபெக்கில் மஞ்சளை இறக்க இறக்க முகங்கள் சாம்பல் பூத்தன. ராவில் வெண்சமநிலை வெறும் குறிப்பு, எண்களைத் தொட்டிருக்காது. ஒரே நகர்த்தலில் தோல் நிறம் திரும்பிவிட்டது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். ஒவ்வோர் அளவையும் 14 இரும இலக்கங்களில் எழுதும் 14 பிட் ராவில் 16,384. படத்தின் இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

அதற்காக ரா மந்திரக்கோல் இல்லை. குவியம் (ஃபோகஸ்) தப்பியது தப்பியதுதான். உணரியே நிரம்பி வெளுத்துப்போன வானம் எந்தக் கோப்பிலும் திரும்பாது. 2.4 கோடிப் புள்ளிகளை 14 பிட்டில் சுருக்காமல் வைத்தால் ஒரு படத்துக்கு 42 மெகாபைட் ஆகும்; ஓடும் விளையாட்டைத் தொடர்ச்சியாக எடுத்தால் கேமரா மூச்சுத் திணறும். எடுத்த கையோடு அனுப்ப வேண்டியதற்கு ஜேபெக்தான் சரி. நானும் பாதி நேரம் அதில்தான் எடுக்கிறேன். ஜேபெக்கைத் திறந்து பார்த்தாலே தரம் தேயும் என்பது கட்டுக்கதை; திருத்தித் திருத்திச் சேமித்தால்தான் தேயும். இன்னொன்று: ராவில் எடுத்தாலும் கேமராத் திரையில் நீங்கள் பார்ப்பது அந்தக் கோப்புக்குள் ஒட்டிவைத்திருக்கும் குட்டி ஜேபெக்கைத்தான்.

இந்த மண் கணக்கில் மயங்கி, கணினியில் ‘பச்சை’, ‘சுட்டது’ என்று இரண்டு அடைவுகள் வைத்திருந்தேன். எட்டிப்பார்த்த நண்பர் இரண்டாவதைக் காட்டி, “இதெல்லாம் யாரிடமிருந்து சுட்டது?” என்றார். அதன் பெயரை அன்றே ஜேபெக் என்று மாற்றிவிட்டேன்.