டிரம்ஸ் கொஞ்சம் காத்திருக்கட்டும்

தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்குத் தயாராகும் ஐந்து இளையர்களின் ஒத்திகைக்குப் போன சனிக்கிழமை போயிருந்தேன். பாடல் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’. முதல் தாளத்திலேயே இரண்டு கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து இறங்கின. பாடும் பெண் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். நிறுத்தச் சொன்னேன். “இப்படி வாசித்தால்தானே சார் உணர்ச்சி வரும்?” என்றார் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி. இந்த ஆண்டு இதே பதிலை நான்காவது குழுவிடம் கேட்கிறேன்.

வராது, தம்பி. சத்தம் வேறு, உணர்ச்சி வேறு. ஒரே அளவில் கொட்டும் சத்தம் காதுக்குச் சீக்கிரம் பழகிவிடும். முதல் அடியிலேயே உச்சத்துக்குப் போய்விட்டால், அதற்குமேல் ஏற இடமில்லை. ஆலாபனை முடியும்வரை மிருதங்க வித்துவான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் வேலை செய்யவில்லை என்றா சொல்கிறோம்?

லெட் ஜெப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு 1971-இல் வெளியிட்ட இந்த 8 நிமிடப் பாடலைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். தொடக்கத்தில் ஒற்றை கிட்டார்தான். அதன் அடிச்சுரம் அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழே இறங்குகிறது. அந்தத் துயரம் அங்கிருந்துதான் வருகிறது. கூடவே ரெக்கார்டர். நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஊதிப் பழகும் அதே கருவிதான். வாசித்தவர் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ். டிரம்ஸ் வருவதற்கு 4 நிமிடங்களுக்கு மேல் ஆகிறது! பாதிப் பாடல் போய்விடுகிறது. அவ்வளவு நேரம் காத்திருந்ததால்தான் அது நுழைந்ததும் உடம்பு சிலிர்க்கிறது. கடைசி வரியில் எல்லா வாத்தியமும் ஓய்ந்து, குரல் மட்டும் தனியாக நிற்கிறது.

ஒத்திகைக்கு முன்பே யார் எங்கே வாசிக்கக்கூடாது என்று தாளில் எழுதுங்கள். கீபோர்டு வாசிப்பவரின் இடது கை பேஸ் கிட்டாரின் இடமான தாழ்ந்த சுரங்களுக்குள் நுழைய வேண்டாம். ஒருவர் ஆம்பின் (ஒலிபெருக்கியின்) சத்தத்தைக் கூட்டினால் மற்றவரும் கூட்டாதீர்கள். அவரைக் குறைக்கச் சொல்லுங்கள். காதடைப்பான் இல்லாமல் ஒத்திகை அறைக்குள் போகவே போகாதீர்கள். 100 டெசிபல் சத்தத்தில் 15 நிமிடம்தான் பாதுகாப்பு வரம்பு. பெற்றோர்களே, தயவுசெய்து “பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறானே” என்று ஏற்பாட்டாளர்களிடம் முறையிடாதீர்கள்.

மறுபடி வாசித்தார்கள். தம்பி குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டசைவில் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். பாடலின் சொற்கள் அப்போதுதான் எனக்குக் கேட்டன.